துரைசானி வேடம்

காப்பித் தோட்டங்களுக்கு நடுவில் வாழ்கிறவர்களுக்குத் தோட்டம் என்பது செடியும் நிழல்மரமும் மிளகுக் கொடியும் சேர்ந்த வெறும் நிலப்பரப்பாகத் தோன்றுவதில்லை. மேட்டின் உச்சியில் பங்களாவும், அதற்குக் கீழே ரைட்டர் வீடும் மேஸ்திரி வீடும், எல்லாவற்றுக்கும் கீழே வேலைக்காரர்களின் வரிசை வீடுகளுமாக, உயரத்தைக் கொண்டே அந்தஸ்தை அளந்துவைத்த ஒரு சிறிய ராஜ்யமாகவே அது அவர்கள் மனத்தில் பதிந்திருக்கிறது. 1820களில் சேலம் ஜில்லாவின் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்து சேர்த்த பிறகு, ஏற்காட்டிலும் எங்கள் செம்மநத்தத்தைப் போன்ற மலைக் கிராமங்களின் பக்கத்திலும் அந்த ராஜ்யம் மெல்ல மெல்லப் பரவியது; துரைமார்கள் கப்பலேறிப் போய் எத்தனையோ காலமாகியும், அவர்கள் தோட்டங்களுக்கு இட்ட ஆங்கிலப் பெயர்களில் பல இன்னும் பெயர்ப்பலகையை விட்டு இறங்கவில்லை. இந்தப் பழக்கத்தோடு விவியன் லீ என்னும் ஆங்கிலத் திரைப்பட நடிகையின் சரித்திரத்தை வாசிக்கிற ஒருவனுக்கு, லண்டன் விமரிசகர்கள் பெரிதாகப் பொருட்படுத்தாத ஒரு விஷயம் முதலில் கண்ணில் படுகிறது. அவருக்கு உலகக் கீர்த்தியைத் தேடித்தந்த இரண்டு வேடங்களும், நடிக்கத் தொடங்கிப் பாதியில் விட நேர்ந்த மற்றொரு வேடமும், ஆக மூன்றுமே தோட்டத்து எஜமானிகளின் வேடங்கள். அவர் பிறந்ததும், மழலை பேசியதும் மலைமேலேதான்.

வெள்ளையர் தமக்கென்று நிர்மாணித்துக்கொண்ட மலைவாசஸ்தலங்களின் ஒரு சம்பிரதாயத்தை இங்கே சற்று விஸ்தாரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கோடை வந்தால் சமவெளியின் வெப்பம் தாங்காமல் கவர்னர் முதற்கொண்டு சிற்றுத்தியோகஸ்தர் வரையில் மலையேறுவார்கள். 1870 முதல் உதகமண்டலம் சென்னை ராஜதானியின் கோடைத் தலைநகராகவே ஆகிவிட்டது. மலையேறிய பின் அவர்களுக்குப் பொழுது போக வேண்டும். நரியை வேட்டையாடுவது சீமைக் கனவான்களின் வழக்கமாதலால் உதகையிலும் சிவப்புக் கோட்டணிந்து, நாய்க் கூட்டத்துடன் குதிரையேறிப் புறப்பட்டார்கள். சீமையில் துரத்துகிற அந்த ஜாதி நரி நீலகிரியில் கிடையாதாகையால் நம் ஊர்க் குள்ளநரி அந்தப் பாத்திரத்தை ஏற்று உயிரை விட்டது. இதைவிட நிரபராதமான பொழுதுபோக்கு, நாடகம். சிம்லாவில் 1887-ஆம் ஆண்டில் கெய்ட்டி என்ற நாடக அரங்கமே எழுந்தது. கிப்ளிங்கும், சாரணர் இயக்கத்தை நிறுவிய பேடன் பவலும் அதில் வேடம் கட்டியிருக்கிறார்கள். சென்னை எழும்பூரில் 1896-இல் திறக்கப்பட்ட மியூசியம் தியேட்டர், உதகையின் அசெம்பிளி ரூம்ஸ் முதலியவை எல்லாம் இந்த ஆசையின் செங்கல் சுண்ணாம்பு ரூபங்களே. பின்னாளில் அந்த அசெம்பிளி ரூம்ஸ் ஆங்கிலப் படம் காட்டும் சினிமாக் கொட்டகையாக மாறியது பொருத்தமான பரிணாமம் என்றே நினைக்கிறேன்.

இந்த நாடகங்களில் நடித்தவர்கள் எவருக்கும் நடிப்பு ஜீவனோபாயம் அன்று. ராணுவ அதிகாரிகள், வியாபாரக் கம்பெனிக் கூட்டாளிகள், அவர்களுடைய மனைவிமார் ஆகியோரே நடிகர்கள்; இன்று மேடைமேல் நின்றவர் நாளை நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டுவார். கப்பல் வழியே வந்த லண்டன் நகரத்துச் சிரிப்பு நாடகங்களைப் படித்து, சீமையில் தாங்கள் விட்டுவந்த வாழ்க்கையையோ, அல்லது சீமையிலேயே தங்கியிருந்தால் தங்களுக்கு ஒருபோதும் கிடைத்திராத வாழ்க்கையையோ மேடையில் வாழ்ந்து பார்த்தார்கள். யோசித்துப் பார்த்தால், மேடையை விட்டு இறங்கிய பிறகும் அவர்கள் வேடத்தைக் களைந்ததாகச் சொல்ல முடியாது. சீமையில் ஒரு வேலைக்காரியை வைத்துக்கொள்ளவும் திணறியிருக்கக்கூடிய ஸ்திரீ, இங்கே ஆயா, பட்லர், சமையற்காரன், தோட்டக்காரன், குதிரைக்காரன் என்று ஒரு பரிவாரத்தின் நடுவே துரைசானியாக விளங்க வேண்டும். அந்தப் பாத்திரத்துக்கு உரிய குரலையும் நடையையும் அவள் பழகித்தான் ஆக வேண்டும். எங்கள் ஏற்காடு, ஏழைகளின் ஊட்டி என்று பெயர் வாங்கிய சிறிய இடம். கவர்னரின் தர்பார் இங்கே நடந்ததில்லை. ஆனால் துரைசானி வேடம் இரண்டு மலைக்கும் பொதுவே.

அத்தகைய ஒரு தம்பதியே எர்னஸ்ட் ஹார்ட்லியும் கெர்ட்ரூடும். கணவர் கல்கத்தாவில் ஒரு தரகுக் கம்பெனியில் உத்தியோகம் பார்த்தவர், குதிரைப் பிரியர், நாடகப் பித்தும் உடையவர். மனைவியின் பிறந்தகப் பெயர் யாக்ஜி. அவர் தம்மை ஐரிஷ் வம்சத்தார் என்று சொல்லிக்கொண்டாலும், அந்தப் பெயரைக் கண்ட சரித்திரக்காரர்கள் ஆர்மீனிய ரத்தமோ பார்சி ரத்தமோ கலந்திருக்குமென்று ஊகித்திருக்கிறார்கள். 1912-இல் லண்டனில் விவாகம் செய்துகொண்டு கல்கத்தாவுக்கு வந்த அவர்களுக்கு, 1913 நவம்பர் 5-ஆம் தேதி டார்ஜிலிங்கில், தேயிலைச் சரிவுகளுக்கு மத்தியில், விவியன் மேரி ஹார்ட்லி என்ற பெண்குழந்தை ஜனித்தது. முதல் உலக யுத்தத்தின்போது ஹார்ட்லி இந்தியக் குதிரைப் படையில் அதிகாரியாகி 1917-இல் பெங்களூருக்கு மாற்றப்படவே, தாயும் குழந்தையும் உதகமண்டலத்தில் தங்கினார்கள். மலை ரயில் உதகை வரையில் எட்டி அப்போது ஒன்பது ஆண்டுகளே ஆகியிருந்தன. தாயார் கெர்ட்ரூட் தாமே ஒரு நாடகக் குழுவை நடத்தினார். மூன்று வயதிலேயே அந்தக் குழுவின் மேடையில் ஆடுமேய்க்கும் சிறுமியின் வேடத்தில் குழந்தை விவியனை நிறுத்தி, ஆங்கிலக் குழந்தைகள் எல்லாருக்கும் தெரிந்த ஒரு பாட்டைப் பாடச் சொன்னார்கள். பாட மாட்டேன், ஒப்பிப்பேன் என்று குழந்தை பிடிவாதம் பிடித்து, அப்படியே செய்து கைதட்டல் வாங்கியதாகச் சொல்வார்கள். நாடறிந்த நடிகையான பிறகு கட்டிய கதையாகவும் அது இருக்கலாம்; ஆனால் தொழில்முறை நாடகமே இல்லாத மலைமேல், பொழுதுபோகாத வெள்ளைச் சமூகத்தின் அந்தச் சம்பிரதாயமே அவருக்குக் கிட்டிய முதல் பள்ளிக்கூடம் என்பதில் சந்தேகமில்லை.

ஆறு வயது முடிந்ததும், மலைநாட்டு வெள்ளைக் குழந்தைகளுக்கெல்லாம் விதிக்கப்பட்ட பிரிவு அவருக்கும் வந்தது. 1920-இல் லண்டனுக்கருகே ரோஹாம்ப்டன் என்னுமிடத்துக் கன்னிமாடப் பள்ளியில் மகளை விட்டுவிட்டு, தாயார் இந்தியாவுக்குத் திரும்பினார். அந்தப் பள்ளியில் தோழியாக வாய்த்த மாரீன் ஓசல்லிவன் பின்னாளில் டார்ஜான் படங்களில் காட்டு மனிதனின் காதலியாக நடித்துப் பிரசித்தி பெற்றார். பெரிய நடிகையாவேன் என்று விவியன் அவரிடம் அக்காலத்திலேயே சொல்லிவைத்தாராம். ஐரோப்பாவில் பல தேசங்களில் கல்வி, லண்டன் நாடகக் கலாசாலை, 1932-இல் லீ ஹோல்மன் என்ற பாரிஸ்டரோடு விவாகம், மறு ஆண்டே ஒரு பெண்குழந்தை என்று அடுத்த ஆண்டுகள் விரைந்து ஓடின. கணவரின் பெயரில் பாதியை எடுத்துக்கொண்டு விவியன் லீ ஆனார். 1935 மே மாதம் லண்டனில் அரங்கேறிய ஒரு நாடகம் ஒரே இரவில் அவரைப் பத்திரிகைகளின் வாயில் ஏற்றிவிட்டது. சினிமா முதலாளி அலெக்ஸாண்டர் கோர்டா உடனே அவரை ஒப்பந்தம் செய்துகொண்டார்.

இந்தக் கோர்டாவைப் பற்றி ஒரு வார்த்தை. ஹங்கேரியிலிருந்து வந்து இங்கிலீஷ் சினிமாவை ஆண்ட இந்த மனிதரின் ஸ்தாபனத்தில், 1930களின் பிற்பகுதியில், இந்திய மண்ணில் பிறந்த மூவர் ஏககாலத்தில் சம்பளம் வாங்கினார்கள். ஒருவன் மைசூர் மகாராஜாவின் யானைப்பாகன் ஒருவனுடைய மகன் சாபு. 1937-இல் வெளிவந்த ‘எலிஃபண்ட் பாய்’ அவனை உலகெங்கும் கொண்டுசென்றது. இன்னொருவர் பம்பாயில் பிறந்து கல்கத்தாவில் வளர்ந்த மெர்ல் ஓபரான். சாபு இந்தியன் என்பதே அவனுடைய மூலதனமாயிருக்க, மெர்லுக்கோ அதுவே மறைக்க வேண்டிய களங்கமாயிற்று. இலங்கைக் கலப்பினப் பெண்மணி ஒருவரின் வீட்டில் வளர்ந்த அவர், ஆஸ்திரேலியாவை அடுத்த டாஸ்மேனியாவில் பிறந்ததாகக் கதை கட்டி, வாழ்நாளின் பெரும்பகுதி அந்தக் கதையைக் காத்தார். 1935-ஆம் ஆண்டுப் படமொன்றுக்காக ஆஸ்கார் பரிசுக்குச் சிபாரிசு செய்யப்பட்டபோதும் அந்தப் பொய்ப் பிறப்பே அவருடைய ஜாதகமாக நின்றது. மூன்றாமவரான விவியனுக்கு மறைக்கவும் அவசியமில்லை, காட்டிப் பிழைக்கவும் அவசியமில்லை. டார்ஜிலிங்கில் பிறந்தது அவர் விஷயத்தில் ஓர் அலங்காரமாகவே எண்ணப்பட்டது. ஒரே தேசத்தில் பிறந்ததற்கு மூன்று பேருக்கு மூன்று விலை. 1938-இல் ‘உதரிங் ஹைட்ஸ்’ படத்தில் லாரன்ஸ் ஒலிவியருக்கு ஜோடியாகக் கதாநாயகி வேடத்தை விவியன் விரும்பியபோது, அது மெர்ல் ஓபரானுக்குப் போய்ச் சேர்ந்தது. துணை வேடம் வேண்டுமானால் தருகிறோம் என்றதை விவியன் மறுத்துவிட்டார். மறுத்ததும் நல்லதாயிற்று.

ஏனெனில் அவ்வாண்டு டிசம்பரில், தம் காதலரான ஒலிவியரைப் பின்தொடர்ந்து அமெரிக்கா சென்ற அவர், ‘கான் வித் த விண்ட்’ படத்தின் படப்பிடிப்பு தொடங்கிய இரவில், அட்லாண்டா நகரம் எரிவதாக அரங்குகள் எரிந்துகொண்டிருந்த வேளையில், தயாரிப்பாளர் செல்ஸ்னிக்கின் முன் கொண்டுபோய் நிறுத்தப்பட்டார். நூற்றுக்கணக்கான அமெரிக்கப் பெண்களைப் பார்த்து அலுத்துப்போயிருந்த செல்ஸ்னிக், பருத்தித் தோட்டத்து மகளான ஸ்கார்லெட்டின் வேடத்தை இந்த ஆங்கிலப் பெண்ணுக்குக் கொடுத்தார். அமெரிக்காவில் முணுமுணுப்பு எழுந்தது. சீமைப் பெண்ணுக்குத் தென்னாட்டுத் தோட்டத்தைப் பற்றி என்ன தெரியும் என்பதே அவர்கள் ஆட்சேபம். அவர்களுக்குத் தெரியாதது ஒன்றுண்டு: பெரிய பங்களாவில் பிறர் கைகளால் வளர்க்கப்பட்டு, உத்தரவிடும் குரலை மழலையோடு சேர்த்தே பழகிக்கொள்ளும் ஒரு குழந்தைப் பருவத்தை, ஹாலிவுட்டின் வேறு எந்த நடிகையையும்விட இவர் நன்றாக அறிந்திருந்தார். ஸ்கார்லெட்டைக் கண்டித்தும் அணைத்தும் வளர்க்கிற கறுப்பினத் தாதியை அந்தப் படத்தில் பார்க்கும்போதெல்லாம், உதகையிலும் ஏற்காட்டிலும் வெள்ளைக் குழந்தைகளை இடுப்பில் சுமந்த ஆயாக்கள் என் நினைவுக்கு வருகிறார்கள். எஜமானியின் அந்தரங்கம் முழுவதும் அறிந்தவள். எஜமானியின் மேஜையில் உட்காரும் உரிமை மட்டும் இல்லாதவள். திரைக்கு வெளியிலும் அப்படியே நடந்தது. தாதியாக நடித்த ஹாட்டி மெக்டானியல், 1939 டிசம்பரில் அட்லாண்டாவில் நடந்த முதற் காட்சிக்கு அந்நகரின் நிறவெறிச் சட்டத்தால் வர முடியாமற்போனார். 1940 பிப்ரவரியில் ஆஸ்கார் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் என்ற பெருமையை அடைந்த இரவிலும், விருந்து மண்டபத்தில் அவருக்குத் தனி மேஜையே போடப்பட்டிருந்தது. அதே இரவில் விவியனும் சிறந்த நடிகைக்கான பரிசைப் பெற்றார். எஜமானி வேடத்துக்கும் கூலிக் கணக்கு உண்டு: 125 நாள் வேலை செய்த விவியனுக்குச் சுமார் 25,000 டாலரும், 71 நாள் வேலை செய்த கதாநாயகர் கிளார்க் கேபிளுக்கு 1,20,000 டாலருக்கு மேலும் கொடுக்கப்பட்டதாகக் கணக்குச் சொல்கிறார்கள். ஆணாளுக்கு ஒரு கூலி, பெண்ணாளுக்கு ஒரு கூலி என்பது எங்கள் தோட்டங்கள் மட்டும் கண்டுபிடித்த ஏற்பாடு அன்று.

ஹோல்மனை விட்டுப் பிரிந்த விவியன் 1940 ஆகஸ்டில் ஒலிவியரை மணந்தார். யுத்த காலத்தில் அவ்விருவரும் சேர்ந்து நடித்த ‘தட் ஹாமில்டன் வுமன்’ என்ற படம் சர்ச்சிலுக்கு மிகவும் பிரியமானது. பிறகு நோய்கள் வந்தன. சுவாசப்பையைக் க்ஷயம் பற்றியது. மனமோ உற்சாகத்தின் உச்சிக்கும் சோகத்தின் பாதாளத்துக்குமாக மாறி மாறி ஓடத் தொடங்கியது. இந்த நிலையில் அவர் ஏற்ற இரண்டாவது எஜமானி வேடம், ‘எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்’ நாடகத்தின் பிளான்ச். குடும்பத்துப் பழைய தோட்டம் கடனில் போய்விட, பெட்டி நிறையப் பட்டாடையும் வாய் நிறையப் பழம்பெருமையுமாகத் தங்கையின் சிறிய வீட்டுக்கு வந்து சேர்கிறவள் அவள். 1949-இல் லண்டன் மேடையில் நூற்றுக்கணக்கான தடவை நடித்து, 1951-இல் திரையிலும் நடித்து, இரண்டாவது ஆஸ்காரைப் பெற்றார். ஸ்கார்லெட் தோட்டத்தைக் காப்பாற்றுவதற்காகப் போராடியவள், பிளான்ச் தோற்றவள். இரண்டில் பிளான்ச்சே உயர்ந்த நடிப்பு என்பது என் அபிப்பிராயம். அதிகாரம் கையைவிட்டுப் போன பிறகும் அதன் அபிநயம் மட்டும் உடம்பில் ஒட்டிக்கொண்டிருப்பதை அவ்வளவு இரக்கத்தோடு காட்டியவர்கள் குறைவு. 1947-க்குப் பிறகும் கப்பலேற மனமில்லாமல் நம் மலைகளில் தங்கிவிட்ட சில முதிய துரைசானிகளைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் இதைச் சுலபமாக உணர்வார்கள்.

இதே காலத்தில் எங்கள் மலையடிவாரத்திலும் ஆங்கிலப் படம் ஒன்று உருவானதை இடையே சொல்லாமல் விட மனமில்லை. லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில் படித்து, ஆங்கிலப் பெண்ணை மணந்து திரும்பிய டி. ஆர். சுந்தரம், 1935-இல் சேலத்தில் ஏற்காட்டு மலைப்பாதையை ஒட்டி நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், 1952-இல் ஓர் அமெரிக்கக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து ‘தி ஜங்கிள்’ என்ற படத்தைத் தயாரித்தது; தமிழில் அதன் பெயர் ‘காடு’. கதாநாயகியாக வந்த மேரி விண்ட்சர் அமெரிக்கர். சாதாரண யானைகளுக்குக் கம்பளி ரோமத்தைப் போர்த்தி, ஆதிகாலத்து மாமத யானைகளாக்கிய வேடிக்கை அந்தப் படத்தில் உண்டு.

யானை இன்னும் விடவில்லை. அடுத்த ஆண்டு, 1953-இன் தொடக்கத்தில், பாரமவுண்ட் கம்பெனியின் ‘எலிஃபண்ட் வாக்’ படத்துக்காக விவியன் இலங்கைக்கு வந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கீழைத்தேசத்து மலையை விட்டுப் பிரிந்திருந்தவர், மறுபடியும் ஒரு தேயிலைச் சரிவின் பக்கம் வந்தது துரைசானியாக நடிப்பதற்கே. கதை இது: இங்கிலாந்தில் புத்தகக் கடையில் இருந்த ஒரு பெண், இலங்கைத் தோட்டத்துரை ஒருவனுக்கு வாழ்க்கைப்பட்டு வருகிறாள். செத்துப்போன மாமனாரின் சட்டமே அந்தப் பங்களாவை இன்னும் ஆள்கிறது. யானைகள் தண்ணீருக்குப் போகும் வழியை மறித்து, ஆணவத்தால் கட்டப்பட்ட பங்களா அது; கடைசியில் மதில் உடைந்து, யானைக் கூட்டம் உள்ளே புகுந்து, வீடு தீயில் வேகிறது. யானைத்தடத்தை மறித்து வீடு கட்டினால் என்னவாகும் என்பதை நீலகிரிக்காரனுக்குச் சினிமா எடுத்துக் காட்ட வேண்டியதில்லை. எனினும் தோட்டங்களின் சரித்திரத்தை ஒரே உருவகத்தில் அடக்கிய கதையென்று இதை நான் மதிக்கிறேன். அந்த வேடத்துக்கு விவியனைவிடப் பொருத்தமானவர் அகப்படுவது அரிது.

ஆனால் வேடம் முடியவில்லை. இலங்கையிலேயே உறக்கம் கெட்டு, சித்தம் தடுமாறத் தொடங்கியது. மிச்சக் காட்சிகளுக்காக ஹாலிவுட்டுக்குக் கொண்டுபோன பிறகு நோய் முற்றிவிடவே, ஒலிவியர் வந்து அவரை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்று வைத்தியசாலையில் சேர்த்தார். கம்பெனியார், லண்டனில் பிறந்து ஹாலிவுட்டில் வளர்ந்த இருபத்தொரு வயது எலிஸபெத் டெய்லரை அந்த இடத்தில் வைத்துப் படத்தை முடித்து 1954-இல் வெளியிட்டார்கள். இலங்கையில் முன்பே எடுத்த தூரக் காட்சிகளை மறுபடி எடுக்கச் செலவாகுமென்று அப்படியே விட்டுவிட்டபடியால், முகம் தெரியாத தூரத்தில் நடமாடுகிற துரைசானி சில இடங்களில் விவியனே, கிட்டே வந்தால் எலிஸபெத் டெய்லர். மலைநாட்டு நோய் என்றும், வெப்பம் தாங்கவில்லை என்றும், குழந்தைப் பருவ நினைவுகள் கிளர்ந்தன என்றும் பலவாறு எழுதினார்கள். மனநோய்க்கு இப்படி ஊரைக் காரணம் காட்டுவது எளிது. இலங்கைக்கு வருவதற்கு நெடுநாள் முன்னரே அவருக்கு அந்த நோய் இருந்தது என்பதே உண்மை.

எலிஸபெத் டெய்லருடைய அழகைப் பற்றியும் விவியனின் துர்ப்பாக்கியத்தைப் பற்றியும் எழுதியவர்கள், அந்தச் சரிவுகளில் கொழுந்து பறித்தவர்களைப் பற்றி எழுதவில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் ஜனங்கள் திருச்சி, மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டை ஆகிய சீமைகளிலிருந்தும், எங்கள் சேலம் ஜில்லாவிலிருந்தும் கங்காணிகளால் அழைத்துச் செல்லப்பட்டவர்களின் சந்ததியார். படப்பிடிப்புக்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1948-இல் இயற்றப்பட்ட பிரஜாவுரிமைச் சட்டத்தால், அவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்தத் தேசத்துக்கும் பிரஜையல்லாதவர்களாக ஆக்கப்பட்டிருந்தார்கள். வாக்குரிமையும் அதைத் தொடர்ந்து பறிபோயிற்று. துரைசானியின் பங்களா எரிவது படத்துக்குக் கதையாயிற்று. லயம் என்னும் வரிசை வீட்டிலிருந்தவன் கால்வைத்து நின்ற நிலமே அவனுடையதல்லவென்று ஆனது யாருக்கும் கதையாகவில்லை.

விவியன் தேறி எழுந்து மேடைக்குத் திரும்பினார். 1957-இல் லண்டனின் பழைய நாடக அரங்கமொன்றை இடிப்பதை எதிர்த்துப் பிரபுக்கள் சபையிலேயே எழுந்து குரல் கொடுத்து வெளியேற்றப்பட்டார். 1960-இல் ஒலிவியரோடு விவாகரத்து. 1965-இல் வெளிவந்த ‘ஷிப் ஆஃப் ஃபூல்ஸ்’ கடைசிப் படம். 1967 ஜூலையில், ஐம்பத்து மூன்றாம் வயதில், க்ஷயரோகம் அவரைக் கொண்டுபோயிற்று.

அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1964 அக்டோபர் 30-ஆம் தேதி, லால்பகதூர் சாஸ்திரியும் சிரிமாவோ பண்டாரநாயகாவும் கையெழுத்திட்ட உடன்படிக்கையின்படி, தேசமற்றிருந்த அந்தத் தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை தருவதென்றும், எஞ்சிய 1,50,000 பேரின் கதியைப் பிறகு பார்ப்பதென்றும் முடிவாயிற்று. தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக, விவியன் இறந்த மறு ஆண்டு, 1968-இல், சென்னை அரசாங்கம் நீலகிரியில் தேயிலைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 1976-இல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பக்கங்களில் காடு திருத்திச் செடி வைத்து, மறுபடியும் லயங்களில் குடியேறி, மறுபடியும் கூலிக்குக் கொழுந்து பறித்தவர்களில், 1953-இல் காமிரா வைத்த தோட்டத்து ஜனங்களும் சிலர் இருந்திருக்கக்கூடும். இம்முறை அவர்களுடைய துரை, சர்க்கார்.